வட்டத்தில் முதல் நாற்காலி எது?

(கொல்லிமலை தேவனூர் நாட்டில் போட்டித் தேர்வு மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச வந்திருப்பது எட்டுப் பேரைப் பற்றி. அந்த எட்டுப் பேரை உங்களில் பலருக்குத் தெரியும். வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கு இடப்பக்கம் மூன்றாவதாக இன்னொருவர் இருப்பார். மற்றொருவர் யாருக்கோ பக்கத்தில் இருக்க மாட்டார். இந்தத் தகவல்களை மட்டும் கொடுத்துவிட்டு, "அப்படியானால் யாருக்கு எதிரே யார்?" என்று ஐந்து கேள்வி கேட்பார்கள். வினாத்தாளில் அந்தப் பத்தியைக் கண்டதும் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். சரிதானே? சிரிப்பதிலிருந்தே தெரிகிறது.

புரட்டுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. வங்கி எழுத்தர் பணிக்கான முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் பகுதிக்கு 35 கேள்வி, 20 நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு கேள்விக்கு 34 நொடி. ஐந்து கேள்வி கொண்ட ஒரு வட்டத்துக்கு மூன்று நிமிடம்கூட முழுதாகக் கிடையாது. தப்பாகப் போட்டால் கால் மதிப்பெண் போகும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் இந்த நெருக்கடி கொஞ்சம் குறைவு. அங்கே 200 கேள்வியில் 25 கேள்விதான் திறனறிவுப் பகுதி, தப்புக்குக் கழிவும் இல்லை. ஆனால் அங்கேயும் தர்க்கமும் புதிர்களும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. ஓடி ஒளிய இடமில்லை.

ஒரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணித் தேர்வுகள் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடக்கும் என்று 2021 செப்டம்பரில் மத்திய நிதி அமைச்சகம் அறிவித்தது. அதாவது, இந்த எட்டுப் பேரும் இப்போது தமிழிலேயே வட்டமாக உட்காருகிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய்ப் பயிற்சி வகுப்பில் உட்கார வசதி இல்லாத பிள்ளைகூட, ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் இதைப் பழகிக்கொள்ளலாம். புத்தகம் கூட வேண்டியதில்லை. ஒரு பென்சில், ஒரு வட்டம், அதில் எட்டுப் புள்ளி.

ஆகவே இன்றைய தலைப்பு இதுதான்: வட்டத்தில் முதல் நாற்காலி எது?

ஒரு வரிசையைப் பாருங்கள். ரேஷன் கடை வரிசைக்கு முதல் ஆள் உண்டு, கடைசி ஆள் உண்டு. யார் முதலில் என்று சண்டையும் உண்டு. வட்டத்தில் முதல் ஆள் யார்? கடைசி ஆள் யார்? எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? ஒன்றும் இல்லை! இந்த "ஒன்றும் இல்லை" என்பதற்காக நாடுகளே மோதியிருக்கின்றன. வியட்நாம் போரை நிறுத்துவதற்குப் பாரிஸ் நகரில் 1968இல் பேச்சுவார்த்தைக்குக் கூடினார்கள். போரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மேசை எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதிலேயே வாரக்கணக்காக இழுபறி. நீள மேசை போட்டால் இரண்டு தரப்பு என்று ஆகிவிடும். நான்கு பக்க மேசை போட்டால் நான்கு தரப்பும் சமம் என்று ஆகிவிடும். தென்வியட்நாம் அரசு, தன்னை எதிர்த்துப் போராடும் விடுதலை முன்னணியைச் சமமாக வைத்து உட்கார மறுத்தது. கடைசியில் 1969 ஜனவரி 16 அன்று உடன்பாடு வந்தது. நடுவில் ஒரு பெரிய வட்ட மேசை, கொடி கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது. எதிரெதிர்ப் பக்கங்களில் எழுத்தர்களுக்கு இரண்டு சின்ன நீள மேசை. வட்டம் என்றால் யாரும் தலைமை இல்லை, எத்தனை தரப்பு என்றும் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அவர்களுக்கு அது அரசியல். நமக்கு அது மதிப்பெண். எப்படி?

எட்டுப் பேரை ஒரு நீள பெஞ்சில் உட்கார வைக்க எத்தனை வழி? எட்டை ஏழால், ஆறால், ஐந்தால் என்று ஒன்று வரை பெருக்க வேண்டும். 40,320 வழி. அதே எட்டுப் பேரை வட்டமாக உட்கார வைக்க? 5,040 வழிதான். சரியாக எட்டில் ஒரு பங்கு. ஏன் குறைந்தது? எட்டுப் பேரும் எழுந்து ஆளுக்கு ஒரு இடம் நகர்ந்து உட்கார்ந்தால், யார் பக்கத்தில் யார் என்பது மாறுவதில்லை. எட்டு முறை அப்படி நகர்ந்தாலும் அதே வட்டம். பெஞ்சில் எட்டாகத் தெரிவது வட்டத்தில் ஒன்றாகிவிடுகிறது.

இந்த எண்ணிக்கைக் கலை நம் நாட்டுக்குப் புதிதில்லை. பாஸ்கராச்சாரியார் 1150இல் எழுதிய லீலாவதியில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். சிவபெருமானுக்குப் பத்துக் கை, பத்து ஆயுதம். எந்தக் கையில் எந்த ஆயுதம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் எத்தனை வடிவம் வரும்? 36,28,800. திருமாலுக்கு நான்கு கை என்பதால் 24. சிவனை அறப்பளீசுவரராகக் கும்பிடும் இந்த மலையில் அந்தக் கணக்கைச் சொல்வது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஆனால் கவனியுங்கள், கைகளுக்கு அடையாளம் உண்டு. மேல் வலக்கை வேறு, கீழ் இடக்கை வேறு. அதனால் பத்தையும் முழுக்கப் பெருக்கினார். அடையாளம் இல்லாத வட்டத்தில் பத்தையும் அடுக்கியிருந்தால் பத்தில் ஒரு பங்கு, 3,62,880தான் வந்திருக்கும்.

அப்படியானால் வட்டம் நமக்கு ஒரு இனாம் தருகிறது. முதல் ஆளை நீங்கள் எங்கே உட்கார வைத்தாலும் சரி! மேலே, கீழே, பக்கவாட்டில், எங்கே வேண்டுமானாலும். தப்பே ஆகாது. "முதலில் யாரை எங்கே போடுவது?" என்று பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்காருகிறார்களே, அந்தக் கேள்விக்கு விடை: எங்கே வேண்டுமானாலும். ஆனால் இந்த இனாம் ஒரே ஒரு முறைதான். முதல் ஆள் உட்கார்ந்த அந்த நொடியில் எல்லா நாற்காலிக்கும் பெயர் வந்துவிடுகிறது. இவருக்கு எதிர் நாற்காலி, இவருக்கு இடது நாற்காலி, இவருக்கு வலது நாற்காலி. இரண்டாவது ஆளையும் இஷ்டத்துக்குப் போட்டால் தொலைந்தது. பெரும்பாலான தப்பு அங்கேதான் நடக்கிறது. முதல் ஆளைப் போட யோசிக்கிறார்கள், இரண்டாவது ஆளை யோசிக்காமல் போடுகிறார்கள்.

அடுத்து, இடது வலது.

எல்லோரும் நடுவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரின் இடப்பக்கம் போக வேண்டும் என்றால் கடிகார முள் ஓடும் திசையில் போவதா, எதிர்த் திசையிலா? இதை மனப்பாடம் பண்ணுகிறவர்கள் தேர்வு மண்டபத்தில் மறந்துவிடுகிறார்கள். மனப்பாடம் வேண்டாம். நீங்கள் எல்லோரும் கோயிலை வலம் வந்தவர்கள்தானே? வலம் வரும்போது சாமி எந்தக் கைப் பக்கம்? வலக்கைப் பக்கம். அப்படியே நடையை நிறுத்துங்கள். சாமியைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள். இதுவரை நடந்து வந்தீர்களே, அதே வழியில் தொடர்ந்து போக இப்போது எந்தக் கைப் பக்கம் நகர வேண்டும்?

இடக்கைப் பக்கம். யாரோ சரியாகச் சொன்னீர்கள்.

நடுவைப் பார்த்து உட்கார்ந்தவருக்கு இடப்பக்கம் என்பது வலம் வரும் திசை. கடிகார முள்ளும் அதே திசை. கால்களுக்கு இது ஏற்கெனவே தெரியும், மூளைக்குத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

சரி, "சேலூர்க்காரர், தேவனூர்க்காரருக்கு வலப்பக்கம் இரண்டாவது" என்று கொடுத்தால் யார் இடத்திலிருந்து எண்ணுவது? பத்தியில் முதலில் வருகிற பெயரைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். நம் மொழி இதற்கு ஒரு கைகாட்டியே நட்டு வைத்திருக்கிறது. "கு" எந்தப் பெயரில் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். தேவனூர்க்காரருக்கு. அவர் நாற்காலியில் போய் நீங்கள் உட்காருங்கள், அவர் வலக்கையை நீட்டுங்கள், இரண்டு எண்ணுங்கள். அங்கே சேலூர்க்காரர். சில வினாத்தாளில் "தேவனூர்க்காரரின் வலப்பக்கம்" என்று வரும். அங்கே "இன்" ஒட்டிய பெயர். "கு" அல்லது "இன்" ஏறிய ஆள்தான் நிலையாக இருப்பவர், மற்றவர் வந்து சேருகிறவர்.

போதும் பேச்சு. முன்வரிசையிலிருந்து எட்டுப் பேர் எழுந்து வாருங்கள். தரையில் வட்டமாக, நடுவைப் பார்த்து உட்காரப் போகிறீர்கள். இந்த மலையில் நாடு என்று அழைக்கப்படும் ஊர்த்தொகுதி பதினான்கு உண்டு. அதில் எட்டு நாட்டை எடுத்துக்கொள்வோம். தேவனூர், வளப்பூர், சேலூர், அரியூர், வாழவந்தி, குண்டூர், ஆலத்தூர், திண்ணனூர். நாட்டுக்கு ஒருவர். யார் எங்கே என்பதற்கு ஏழு குறிப்பு, கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

ஆலத்தூர்க்காரர், அரியூர்க்காரருக்குப் பக்கத்தில் இல்லை.
குண்டூர்க்காரர், அரியூர்க்காரருக்கு அடுத்த இடத்தில் இருக்கிறார்.
வாழவந்திக்காரர், வளப்பூர்க்காரருக்கு அடுத்த இடத்தில் இருக்கிறார்.
சேலூர்க்காரர், தேவனூர்க்காரருக்கு வலப்பக்கம் இரண்டாவது.
தேவனூர்க்காரர், வளப்பூர்க்காரருக்கு நேர் எதிரே.
அரியூர்க்காரருக்கும் சேலூர்க்காரருக்கும் இடையே மூன்று பேர்.
திண்ணனூர்க்காரர், குண்டூர்க்காரருக்கு நேர் எதிரே.

எங்கே தொடங்குவீர்கள்? முதல் வரியிலா? முதல் வரி என்ன சொல்கிறது? ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் இல்லை என்கிறது. யாரையும் எங்கேயும் உட்கார வைக்கவில்லை. இரண்டாவது வரி? "அடுத்த இடம்" என்றால் இடமா வலமா, தெரியாது. மூன்றாவதும் அப்படியே. வினாத்தாள் தயாரிக்கிறவர் ஒன்றும் விளையாட்டுக்கு இப்படி எழுதவில்லை. உறுதியில்லாத குறிப்புகளை முன்னால் வைத்து உங்கள் மூன்று நிமிடத்தைத் தின்னப் பார்க்கிறார். குறிப்பு எந்த வரிசையில் அச்சாகியிருக்கிறதோ அந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. உறுதியான குறிப்பை முதலில் எடுங்கள். எது உறுதி? ஒரே இடத்தைத் தவிர வேறு இடம் தராத குறிப்பு.

தங்கை, நீதான் தேவனூர். எங்கே வேண்டுமானாலும் உட்கார். இனாம் செலவாகிவிட்டது. இனி யாருக்கும் இஷ்டம் கிடையாது.

வளப்பூர், தேவனூருக்கு நேர் எதிரே போ. சேலூர், தேவனூர் தங்கையின் வலக்கைப் பக்கம் இரண்டாவது இடம். நடுவில் ஒரு இடம் காலியாக விடு. சரி. அரியூருக்கும் சேலூருக்கும் இடையே மூன்று பேர் என்றால்? எட்டுப் பேர் வட்டத்தில் இந்தப் பக்கம் எண்ணினாலும் மூன்று, அந்தப் பக்கம் எண்ணினாலும் மூன்று. அதாவது நேர் எதிரே! "இடையே மூன்று பேர்" என்பது "நேர் எதிரே" போட்டிருக்கும் மாறுவேடம். ஏழு பேர் வட்டமானால் இந்த வேடம் கலைந்துவிடும். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு என்று வரும். ஒற்றைப்படை வட்டத்தில் நேர் எதிர் என்று யாருக்கும் யாரும் கிடையாது என்பதையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அரியூர், நீ சேலூருக்கு எதிரே போ.

நான்கு பேர் உட்கார்ந்தாயிற்று. ஒன்று விட்டு ஒன்று நான்கு இடம் காலி, நிற்பவர்கள் நான்கு பேர். 5,040 வழியோடு தொடங்கினோம், இப்போது எத்தனை? இருபத்து நான்கு. மூன்றே மூன்று வரி படித்ததற்கு இந்தக் கூலி!

இப்போதுதான் உறுதியில்லாத வரிகளுக்கு வேலை. குண்டூர், அரியூருக்கு அடுத்த இடம். அரியூரின் இரண்டு பக்கமும் காலி. தேவனூருக்கும் அரியூருக்கும் நடுவிலா, அரியூருக்கும் வளப்பூருக்கும் நடுவிலா? தெரியாது. இங்கேதான் பலர் "ஏதாவது ஒன்று" என்று போட்டுவிட்டு மேலே போகிறார்கள். போகாதீர்கள். ரஃப் ஷீட்டில் இரண்டாவது வட்டம் ஒன்று போடுங்கள், இதுவரை உட்கார்ந்த நான்கு பேரையும் அப்படியே அதில் இறக்குங்கள். பத்து நொடி ஆகும். அழித்து அழித்து எழுதினால் ஒரு நிமிடம் போகும், அதோடு எதை அழித்தோம் என்பதும் மறந்துபோகும். ஒரு கேஸுக்கு ஒரு வட்டம்.

முதல் வட்டம்: குண்டூர், தேவனூருக்கும் அரியூருக்கும் நடுவில். திண்ணனூர் அதற்கு நேர் எதிரே என்பதால், வளப்பூருக்கும் சேலூருக்கும் நடுவில். வாழவந்தி, வளப்பூருக்கு அடுத்த இடம். ஒரு பக்கம் திண்ணனூர் உட்கார்ந்துவிட்டார், ஆகவே மறுபக்கம், அரியூருக்கும் வளப்பூருக்கும் நடுவில். மிச்சம் ஒரு இடம், சேலூருக்கும் தேவனூருக்கும் நடுவில். அங்கே ஆலத்தூர்.

இரண்டாவது வட்டம்: குண்டூர், அரியூருக்கும் வளப்பூருக்கும் நடுவில். திண்ணனூர் எதிரே, சேலூருக்கும் தேவனூருக்கும் நடுவில். வாழவந்தி, வளப்பூரின் மறுபக்கம், சேலூரை ஒட்டி. மிச்ச இடம் தேவனூருக்கும் அரியூருக்கும் நடுவில். அங்கே ஆலத்தூர்.

இரண்டு வட்டமும் ஒழுங்காகத்தானே இருக்கின்றன? எதைத் தள்ளுவது? இப்போது கூப்பிடுங்கள் அந்த முதல் வரியை! ஆலத்தூர்க்காரர், அரியூர்க்காரருக்குப் பக்கத்தில் இல்லை. இரண்டாவது வட்டத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அடித்துவிடுங்கள். முதல் வட்டம் நின்றது.

"இல்லை" என்று சொல்லும் குறிப்பு ஆளை உட்கார வைக்காது. உட்கார்ந்தவரை எழுப்பத்தான் அதற்குத் தெரியும். அதை முதலில் படித்துப் புலம்புகிறவர்கள், ஆட்டம் முடியும்போது அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அப்புறம் "விடை இரண்டு வருகிறது சார், வினா தப்பு" என்கிறார்கள். வினா தப்பாக வருவதும் உண்டு, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, பயன்படுத்தாத வரி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது. பயன்படுத்திய ஒவ்வொரு குறிப்புக்கும் ஓரத்தில் ஒரு டிக் போடுங்கள். டிக் இல்லாத வரி ஒன்று மிச்சம் இருக்கும்போது விடையைத் தொடாதீர்கள்.

இனி கேள்வி. வளப்பூர்க்காரருக்கு இடப்பக்கம் மூன்றாவது யார்? "கு" வளப்பூரில் ஏறியிருக்கிறது. தம்பி, உன் இடக்கையை நீட்டு. ஒன்று திண்ணனூர், இரண்டு சேலூர், மூன்று ஆலத்தூர். ஆலத்தூர்தான் விடை. வலக்கையை நீட்டியிருந்தால்? ஒன்று வாழவந்தி, இரண்டு அரியூர், மூன்று குண்டூர். விருப்ப விடைகளில் ஆலத்தூரும் இருக்கும், குண்டூரும் இருக்கும். வினா தயாரிப்பவருக்கு நீங்கள் எந்தக் கையை நீட்டுவீர்கள் என்பது முன்கூட்டியே தெரியும்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். பயிற்சி வகுப்புகளில் இதை யாரும் அதிகம் சொல்வதில்லை. இந்தப் புதிரில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவர் இடத்தை வலம் என்றும் வலத்தை இடம் என்றும் தலைகீழாகவே எடுத்துக்கொண்டார் என்று வையுங்கள். அவருக்கு விடை என்ன வரும்? செய்து பாருங்கள். ஆலத்தூர்தான் வரும்! அவர் வரைந்த வட்டம் நம் வட்டத்தின் கண்ணாடி பிம்பம். பிம்பத்தில் எல்லாம் மாறியிருக்கும், ஆனால் ஒரே மாதிரி மாறியிருக்கும். கேள்வியையும் அவர் தலைகீழாகவே எண்ணுவதால் விடை நேராகிவிடுகிறது. அப்படியானால் தப்பு எங்கே வருகிறது? வட்டம் போடும்போது ஒரு கையும், கேள்விக்கு விடை எண்ணும்போது மறு கையும் நீட்டுகிறவர்களுக்குத்தான் வருகிறது. வரையும்போது அந்த ஆளின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். விடை எண்ணும்போது அவசரத்தில் தாளுக்கு மேலே நின்று தன் கையை வைத்துப் பார்க்கிறார்கள். மாதிரித் தேர்வில் ஐந்தில் மூன்று சரி, இரண்டு தப்பு என்று வந்தால், வட்டம் சரி, கை மாறியிருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். ஆனால் கண்ணாடியை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். "கடிகாரத் திசையில் எண்ணினால்" என்று ஒரு கேள்வி வந்தால் போதும், பிம்பம் உடைந்துவிடும்.

நன்றி, எட்டுப் பேரும் இடத்துக்குப் போகலாம்.

எல்லோரும் நடுவையே பார்த்தால் உலகம் எளிது. சிலர் உள்ளே பார்க்கிறார்கள், சிலர் வெளியே பார்க்கிறார்கள் என்று ஒரு வகை உண்டு. நவக்கிரகச் சந்நிதியைப் பார்த்திருக்கிறீர்கள். நடுவில் சூரியன், சுற்றி எட்டுப் பேர். பெரும்பாலான கோயில்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, ஆளுக்கு ஒரு திசை. சந்திரனின் இடது எது, சனியின் இடது எது என்று கேட்டால், அவரவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தெரியாமல் சொல்ல முடியுமா? தேர்விலும் அப்படித்தான். நடுவைப் பார்த்தால் 5,040 வழி என்றோமே, ஒவ்வொருவரும் உள்ளேயும் பார்க்கலாம் வெளியேயும் பார்க்கலாம் என்றால் அதை 256ஆல் பெருக்க வேண்டும். 12,90,240. எண்ணைக் கேட்டு மிரள வேண்டாம், குறிப்புகளும் அதற்கேற்ப அதிகமாகவே இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி போடுங்கள், அவ்வளவுதான். திசை தெரியாதவருக்கு அம்பு போடாதீர்கள், கேள்விக்குறி போடுங்கள். இந்த வகையில் சிக்கவைக்கிற இடம் ஒன்று உண்டு. "எதிரே அமர்ந்திருக்கிறார்" என்பது இடத்தைச் சொல்கிறது. "எதிர்த் திசையை நோக்கி அமர்ந்திருக்கிறார்" என்பது முகத்தைச் சொல்கிறது. ஒருவர் உள்ளே பார்த்தால் மற்றவர் வெளியே பார்க்கிறார் என்பதுதான் இரண்டாவதன் பொருள். அவர் பக்கத்து நாற்காலியில்கூட இருக்கலாம். வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

இந்தப் புதிர்கள் வங்கித் தேர்வோடு பிறந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். எதுவார் லூகா என்று ஒரு பிரெஞ்சுக் கணித அறிஞர். மூன்று குச்சியில் வட்டத் தட்டுகளை மாற்றி அடுக்கும் ஹனோய் கோபுரம் விளையாட்டு இருக்கிறதே, அதைக் கொடுத்தவர் அவர்தான். 1891இல் வந்த தம் நூலில் ஒரு விருந்துக் கணக்கை வைத்தார். சில தம்பதிகள் வட்ட மேசையில் அமர வேண்டும். ஆணும் பெண்ணும் மாறி மாறி, ஆனால் யாரும் தம் துணைக்குப் பக்கத்தில் இல்லாமல். எத்தனை வழி? "இல்லை" என்கிற அந்த ஒரே ஒரு நிபந்தனை கணக்கை எவ்வளவு கடினமாக்கிவிட்டது என்றால், கைக்கு அடக்கமான சூத்திரம் ஒன்றைத் தூஷார் என்பவர் 1934இல்தான் வெளியிட்டார். அதே 1891இல் லூகா ஒரு விருந்துக்குப் போயிருந்தார். பரிமாறுகிறவர் கையிலிருந்து தட்டு விழுந்து உடைந்தது, ஒரு சில்லு பறந்து அவர் கன்னத்தைக் கிழித்தது. அந்தக் காயம் புரையோடிச் சில நாளில் இறந்துபோனார். விருந்து மேசையில் யாரை எங்கே உட்கார வைப்பது என்று யோசித்த மனிதருக்கு முடிவு ஒரு விருந்து மேசையிலிருந்தே வந்தது.

தேர்வு மண்டபத்துக்கு ஒரு வார்த்தை. வட்டப் புதிரோடு தேர்வைத் தொடங்காதீர்கள். சின்னச் சின்னக் கேள்விகளை முதலில் எடுத்துவிட்டு, கை சூடான பிறகு வாருங்கள். வந்ததும் நேராக வரையத் தொடங்காமல் குறிப்புகளின் மேல் ஒரு முறை கண்ணை ஓடவிடுங்கள். "நேர் எதிரே", "வலப்பக்கம் இரண்டாவது" போல உறுதியான குறிப்பு இரண்டு மூன்று இருந்து, அவை ஒரே ஆளின் பெயரில் வந்து முட்டினால், அந்த ஆளை நட்டுவிட்டு உடனே இறங்குங்கள். எல்லாமே "பக்கத்தில் இல்லை", "ஒருவேளை இருந்தால்" என்று நழுவினால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். விடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் விடுவது என்று முடிவெடுத்தால் முதல் பதினைந்து நொடியில் எடுங்கள். இரண்டு நிமிடம் போராடிவிட்டு விடுகிறவருக்கு அந்த ஐந்து கேள்வியும் போச்சு, வேறு நான்கு கேள்வியும் போச்சு.

கடைசியாக ஒன்று. இதற்கு நான் விடை சொல்லப் போவதில்லை. சந்தை நாள். ஒரு பெரிய மரத்தைச் சுற்றி ஆறு பேர் கடை போட்டிருக்கிறார்கள். வாங்க வருகிறவர்களைப் பார்க்க வேண்டுமே, அதனால் ஆறு பேரும் மரத்துக்கு முதுகைக் காட்டி வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். மிளகு, காப்பி, பலா, அன்னாசி, வாழை, சாமை, ஆளுக்கு ஒரு சரக்கு. சாமைக்காரர், அன்னாசிக்காரருக்குப் பக்கத்தில் இல்லை. வாழைக்காரருக்கு நேர் பின்னால், மரத்துக்கு அந்தப் பக்கம், சாமைக்காரர். அன்னாசிக்காரர், மிளகுக்காரருக்கு இடப்பக்கம் இரண்டாவது. காப்பிக்காரரும் மிளகுக்காரரும் மரத்துக்கு நேர் எதிரெதிர்ப் பக்கங்களில்.

ஒருவர் அந்த மரத்தை வலமாகச் சுற்றி ஒவ்வொரு கடையாக விலை கேட்டு வருகிறார். பலாக்காரரைத் தாண்டியதும் அடுத்து யாரிடம் விலை கேட்பார்? மூன்று நிமிடம் தருகிறேன். நோட்டைத் திறவுங்கள்.